சக்கர நாற்காலிக்கு ஒரு படகு

மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது குளோரின் வாசனை அடித்தது. படகு சவாரித் தண்ணீர். இன்று நடந்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் அந்த அனிமேஷன் கம்பெனியில் சேர்ந்தோம். அப்போது அது பே ஏரியாவில் ஒரு பழைய கிடங்கு. மழை பெய்தால் மேஜைகளை நகர்த்த வேண்டும். டப்ளின் என்ற பக்கத்து ஊரிலிருந்து உன் காரில்தான் இருவரும் போவோம். படத்தில் தண்ணீர் வந்தால் உன் மேஜைக்குத்தான் வரும். அலை, நுரை, வாளியில் தளும்புவது எல்லாம் கையால் வரைந்தாய். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டாய். படங்கள் நன்றாக ஓடின. கம்பெனி டெக்சாஸில் தீம் பார்க் கட்ட ஆரம்பித்தது.

"நான் வரைஞ்ச தண்ணில இனி ஜனங்க நிஜமாவே நனையப் போறாங்கடி" என்று சிரித்தாய். அந்த வேலைக்காக நம் இரண்டு குடும்பங்களும் டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு மாறின.

பார்க் திறந்த அன்று படகு வரிசையில் ஓர் அப்பா, வளர்ந்த மகளைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிப் படகில் உட்கார வைத்தார். மொத்த வரிசையும் பார்த்தது. அந்தப் பெண் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அவ முகத்தப் பாத்தியா? ரைடு ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள அவளுக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாய்.

அடுத்துக் கட்டவிருந்த பெரிய சவாரிக்கு, நாற்காலியோடு அப்படியே உருண்டு ஏறும் படகு ஒன்றை வரைந்தாய். தண்ணீரில் ஆடும் படகு நாற்காலி ஏறும்படி கரைக்குச் சமமாக நிற்காது என்றார்கள் இன்ஜினியர்கள். அவர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, படகைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் மேடையைக் கண்டுபிடித்தாய். கீமோ முடிந்து வந்த மதியங்களில்கூட வீடியோ காலில் வந்தாய்.

"நான் இருக்கேனோ இல்லையோ, போட் இருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்வாங்க, விட்டுடாத."

நீ போன பிறகு அப்படித்தான் சொன்னார்கள். சாதாரணப் படகுகளோடு திறந்துவிடலாம், அந்தப் படகு பிறகு வரட்டும் என்று. சவாரிக்குப் பொறுப்பாளர் நான். என் கையெழுத்து இல்லாமல் திறக்க முடியாது. போட மாட்டேன் என்றேன். திறப்பு விழா தள்ளிப்போனது. மதிய உணவுக்கு என்னைக் கூப்பிடுவதையே பலர் நிறுத்திவிட்டார்கள். உன் கணவர் மட்டும் அடிக்கடி போன் பண்ணி, "போட் என்ன ஆச்சும்மா?" என்று கேட்பார்.

இன்று திறந்தோம். ஆலன் என்ற ஊரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அங்கிள், பக்கவாதம் வந்தவர், ஒரு கையால் நாற்காலியின் பட்டனை அழுத்தி, தானே படகுக்குள் உருண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்த ஆன்ட்டி பதறினார்: "என்னங்க, கெட்டியா புடிச்சுக்குங்க!"

"நீ புடிச்சுக்கோ. நான் சேரோட லாக் ஆயிருக்கேன்" என்றார் அவர்.

இறங்கும்போது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அங்கிள் இன்னொரு ரவுண்டு கேட்டார். கரையில் நின்ற உன் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் அவ்வளவு தூரம் தெறிக்கவில்லை.

பார்க்கின் மலை ரயில் சவாரியில் இன்னமும் ஆட்களைத் தூக்கித்தான் வைக்கிறார்கள். அதற்காகத் திங்கட்கிழமை ஒரு கூட்டம் கேட்டிருக்கிறேன். ஏன் முடியாது என்பதற்கு நிறையக் காரணங்களோடு வருவார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பேன், எழுந்து போக மாட்டேன். நீ ஆரம்பித்து வைக்காத ஒன்றை நானாக ஆரம்பிப்பது இதுதான் முதல் தடவை.