பச்சையும் பழுப்பும்

டேய் காட்டோ,

இங்கே மசாக்காவில் எல்லோரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். நீயும் ஓஸ்லோ குளிரில் விறைக்காமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை, நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். உன் அண்ணன் வாஸ்வாவின் கல்யாணம் நின்றுவிடும்போல் இருக்கிறது. இரட்டையரில் ஒருத்தன் மட்டும் பெண் கேட்டு வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெண்ணின் அத்தை சொன்னாள், நீயோ லீவு இல்லை என்றாய். நான்தான் அவசரப்பட்டு என் தங்கை மகன் கிகோஸிக்கு உன் கோட்டை மாட்டி, இவன்தான் காட்டோ என்று கூட்டிப்போனேன். விருந்தாளிகளுக்கு வறுத்த செனெனே வெட்டுக்கிளி வந்தது. உங்கள் அப்பா குலத்துக்குப் பெயரே அந்தப் பூச்சிதான், தின்னக்கூடாது; கிகோஸி குரங்குக் குலத்தான், அவனுக்கென்ன, கை நிறைய அள்ளி மென்றான். அத்தை இடுப்பில் கை வைத்து, "ஏம்மா நலோங்கோ, உன் மகன் சொந்தக் குலத்தையே கடிச்சுத் தின்னுறானே, உப்பு போதுமான்னு கேளு" என்றாள். வாஸ்வா தலையைத் தொங்கப்போட்டவன் வீடு வரும்வரை நிமிரவில்லை.

அப்புறம் உன் போட்டோவைக் காட்டினேன். "இது இன்னொரு வாடகை ஆளா? வாஸ்வா கருகருன்னு ஒல்லியா இருக்கான், இது வெளுத்து உப்பிக் கிடக்கு" என்கிறாள். அதைக் கேட்டுத்தானே நீயும் போனில், "வந்தா என்னையும் போலின்னு துரத்துவாங்கம்மா, வரல" என்று வைத்துவிட்டாய். ஆத்திரம் தாங்காமல் நான் செனெனே வளர்க்கும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். நான் பள்ளியைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். ஒரே தாய் செனெனே இட்ட முட்டைகள். பாதியை ஒரு பெட்டியில் நெருக்கியடித்து வளர்த்தேன், மீதியை ஈரப்புல் போட்டுத் தள்ளித் தள்ளி விட்டேன். நெருக்கத்தில் வளர்ந்தது அநேகமும் பழுப்பு, தாராளமாய் வளர்ந்தது அநேகமும் பச்சை. நெருக்கத்திலும் இரண்டு மட்டும் பச்சையாகவே நின்றன, பிறக்கும்போதே கொண்டுவந்த பிடிவாதம். ஒரு வயிறுதான், வளர்ந்த இடம் வேறு, நிறம் வேறு என்றேன். அத்தை வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "பூச்சிக்குச் சரி. மழை விடறதுக்குள்ள பையன் வந்து நிக்கட்டும். வரலன்னா வேற மாப்பிள்ளை பார்ப்போம்" என்றாள்.

அதனால் உருவத்தைச் சாக்குச் சொல்லாதே. உடம்பைக் குறைக்கிறேன் என்று பட்டினியும் கிடக்காதே. இருக்கிறபடியே வா. அண்ணன் போன் பண்ணமாட்டான், அவனும் உன்னைப்போல் முரடன். ஆனால் தையல்காரனிடம் உங்கள் இருவரின் கல்யாண அங்கிக்கும் தன் அளவையே கொடுத்தான். காட்டோவுக்கு இப்போது அது பத்தாதடா என்றேன். "அப்ப அவனே வந்து அளவு குடுக்கட்டும்" என்று உன் துணியை வெட்டவிடாமல் பிடுங்கிவந்து மடித்து வைத்திருக்கிறான்.

கடவுள் உன்னைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். டிக்கெட் எடுத்ததும் எனக்கு வேண்டாம், அவனுக்குச் சொல்லு.

உங்கள் இருவரையும் ஒரே நாளில் பெற்ற
அம்மா நலோங்கோ