நானூற்று இருபத்தொன்று அதிரசம்

அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

பெரம்பலூர் காலேஜில் கணக்குப் படிக்கும் என் பேத்தி ஓவியா ஒன்று சொன்னாள். நாலு கோடி இலக்கத்துக்கு மேல் நீளமான பகா எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால்தான் தீருமாம். மற்றபடி எத்தனை கூறு போட்டாலும் மீதி நிற்குமாம். உடனே நானூற்று இருபத்தொன்றைக் கேட்டேன். அதுவும் அந்த இனம்தானாம்.

மறந்துவிட்டீர்களா? என் கல்யாணச் சீருக்கு அம்மா குன்னத்திலிருந்து சுட்டு எடுத்துவந்த அதிரசம். மாப்பிள்ளை வீட்டுக்காரியாக நீங்கள் பங்காளி வீடுகளுக்கென்று ஐந்து கூறு போட்டீர்கள், ஒன்று மிஞ்சியது. ஆறு போட்டாலும் ஒன்று, ஏழு போட்டாலும் ஒன்று.

"கணக்கு ஒதைக்குதே! பஸ்ஸுலயே தின்னுட்டீங்களா, சம்பந்தியம்மா?"

சபையே சிரித்தது. அம்மா கை நனைக்காமல் கிளம்பினாள். சாகும்வரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"அது எண்ணோட கொணம். அவங்கள வுடு, அப்பத்தா" என்கிறாள் ஓவியா. எப்படி விடுவது? எண் வாயைத் திறக்கவில்லை. திறந்தது நீங்கள்.

உங்கள் பேரன் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. உடையார்பாளையம் வருகிறேன். அம்மா தின்னவில்லை என்று சபையில் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் இலையில் உட்காருவேன்.

இப்படிக்கு,
அந்தச் சம்பந்தியம்மாவின் மகள்