வழிமொழிந்தவர் கையெழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சுகம்தானே, குழந்தைக்கு இருமல் விட்டதா. இந்த வாரம் இதைச் சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, காலையில் எழுந்ததும் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். என் இடது கையில் இரண்டு விரல் ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறது, பதறாதே, எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை. சமையல் உன் அப்பாதான். உப்பு என்று ஒரு பொருள் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது, கேட்டால் உனக்கு ரத்தக்கொதிப்பு என்கிறார், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் மனுஷன்.

நீ அச்சகக்காரர்கள் சங்கத்தில் மேலாளராகச் சேர்ந்து நடத்தப்போகும் முதல் பொதுக்குழு இது, உன் தீர்மான நோட்டிலிருந்து ஒரு மாதிரி அனுப்பும்மா, முந்தின நாளே எழுதி வைத்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். அந்தக் குறுக்குவழியை உனக்குச் சொன்ன வாயை நான்தான் கழுவ வேண்டும். பேக்கரி உரிமையாளர் சங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் அப்படித்தான் செய்தேன். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவார்கள், கையெழுத்துக்கு ஒருவரும் சிக்க மாட்டார்கள், அதனால் முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார், ஏகமனதாக நிறைவேறியது என்று முதல் நாளே மையில் எழுதிவிடுவேன். யாரும் கேட்டதில்லை. மாதிரி அனுப்ப மாட்டேன். காரணத்தை உட்கார்ந்து படி.

வாரத்தில் செவ்வாய்க்கிழமை எல்லா பேக்கரியையும் மூட வேண்டும் என்று பெரிய கடைக்காரர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள், தலைவர் அவர்கள் பக்கம். ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு தினம் சுட்டுத் தினம் விற்கிற சின்னவர்களுக்கு அது வயிற்றில் அடிக்கிற வேலை. அவர்களில் பன்னுக்காரர் என்று ஒருவர், பன்னைத் தவிர வேறெதுவும் சுடத் தெரியாது, சுட ஆசையும் கிடையாது. அவரும் அவர் மகனும் மூன்று வாரமாகக் கடை கடையாக ஏறி எதிர்ப்புச் சேர்த்தார்கள். தலைவர் என்னிடம், அந்த ஆள் பேரையே வழிமொழிந்தவர்னு போடுங்க, நான் பேசிட்டேன் என்றார். நான் போனில் கேட்டேன். பன்னுக்காரர், பாத்துக்கலாம்மா என்றார். யாரையும் முகம் கோணவைக்கத் தெரியாத மனுஷன், எதற்கும் அதைத்தான் சொல்வார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சம்மதம் என்று வைத்துக்கொண்டு வழிமொழிந்தவர் இடத்தில் அவர் பெயரை எழுதினேன்.

கூட்டத்தில் அவர் எழுந்து, இந்தத் தீர்மானம் வேணாங்க என்று ஆரம்பித்தார். தலைவர் என் மேஜையிலிருந்து நோட்டைப் பிடுங்கி மைக்கில் படித்தார், வழிமொழிந்தவர் நீங்கதானய்யா, எழுத்துல இருக்கே, வீட்டுக்குள்ள ஒண்ணு வெளியில ஒண்ணா என்றார். பன்னுக்காரர் நோட்டைப் பார்க்கக் கையை நீட்டினார். பின்வரிசையிலிருந்து அவருடைய மகனே இரும்பு நாற்காலியோடு வரிசைகளைத் தாண்டி வந்தான், எங்களை வித்துட்டியா என்று கத்திக்கொண்டு அப்பன் முகத்திலேயே அடித்தான். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் விழுந்ததும் சின்னவர்கள் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் ஏறி மிதித்தார்கள், பெரிய கடைக்காரர்களின் ஆட்கள் இதுதான் சாக்கு என்று அந்த நாலைந்து பேரையும் மகனையும் போட்டு அடித்தார்கள், ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான், எடுத்தவன் கையே கிழிந்து ரத்தம் கொட்டியது. நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பன்னுக்காரர் தலையைக் கையால் மூடினேன், யாரோ செருப்புக் காலால் என் விரல்களை மிதித்தார்கள். யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. நான் கத்தினேன், அவர் சொல்லவே இல்லை, நானேதான் எழுதினேன் என்று. ஒருவர் காதிலும் விழவில்லை.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அலுவலகக்காரியாகச் சொல்கிறேன். கூட்டத்துக்கு இரும்பு நாற்காலி எடுக்காதே. நோட்டு எப்போதும் உன் மடியில் இருக்கட்டும், தலைவர் கேட்டாலும் மைக் பக்கம் போகக் கூடாது. தலைவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், நீ அங்கேயே இருப்பாய், அதனால் அவர்களுக்காகப் பொய் எழுதாதே. பாத்துக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அது வேண்டாம் என்றுதான் அர்த்தம். நடந்த பிறகு எழுது, கையெழுத்துக்கு அவரவர் அச்சகத்துக்கே நட, கால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

பன்னுக்காரர் மகன் இப்போது காவலில் இருக்கிறான். அந்தாளு செத்தாலும் வர மாட்டேன் என்கிறானாம். நாளைக் காலை பத்து மணிக்கு நான் நோட்டோடு போலீஸ் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். தலைவர் வீட்டுக்கே வந்து, இருக்கறதை இருக்கறபடி குடுங்க, மாத்திப் பேசினீங்கன்னா இன்னொரு கையும் போயிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலமே வாசல் கதவில் இரண்டு கல் விழுந்தது. உன் அப்பா துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், இந்த வயதில் வீரம்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பன்னுக்காரருக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், ஒரு கண் திறக்கவில்லை, பேச முடியாது, காதும் புத்தியும் தெளிவாக இருக்கின்றன. பார்க்க ஒருவரும் வரவில்லை, துரோகியை யார் பார்ப்பார்கள். அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் நோட்டை விரித்து, இது நான் முந்தின நாள் எழுதிய பொய், இதைப் போலீசில் சொல்லிவிடுவேன், உங்கள் பெயருக்கு வந்த கெடுதல் போய்விடும் என்றேன். அந்த அம்மா என்னை ஓங்கி அறைந்தார். அறைந்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டார். சொல்லாதீங்க, துரோகின்னு நெனச்சுத்தான் அப்பனை அடிச்சான், அந்த நெனப்போடயே இருக்கட்டும், தப்பே பண்ணாத அப்பனை அடிச்சோம்னு தெரிஞ்சா எம்புள்ள உள்ளேயே செத்துடுவான் என்றார். அப்போது கட்டிலிலிருந்து அவர் கையை நீட்டிப் பேனா கேட்டார். பெயரை அடித்துவிடப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் நோட்டை நெஞ்சில் வைத்து, வழிமொழிந்தவர் என்று நான் எழுதிய இடத்துக்கு நேராக, ஒரு கண்ணால் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிதானமாகத் தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு நோட்டை மூடி என்னிடம் தந்தார்.

மகனே, ராத்திரியெல்லாம் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்தால் எல்லாருக்கும் சௌகரியம், எனக்கும் வேலை தங்கும். ஆனால் என் பொய்யை அவர் உடைந்த தாடையோடு சுமக்க, நான் அலுவலகத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதா. அதனால் நாளை இன்ஸ்பெக்டர் அறைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பையனைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். நோட்டைக் காட்டி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வேன். உங்கப்பா உங்களை விற்கவில்லை. விற்றதாக நோட்டில் கையெழுத்துப் போட்டார், உனக்காக. முதலாவதை மட்டும் கேட்டால் அவன் தாங்க மாட்டான், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எழுந்து நின்று, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று போலீசைக் கேட்பான் என்று நம்புகிறேன். நான் தப்பாகக்கூட நினைக்கலாம். நீயும் ஒருவருக்கு மகன், ஒருத்திக்கு அப்பா, உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது, அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மருமகளிடம் கோபமாகப் பேசாதே, குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. அப்பாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் பண்ணு, வெளியே சொல்ல மாட்டார், காத்திருப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா,
நாளைக் காலை பத்து மணி வரைக்கும் சங்க அலுவலகச் செயலாளர்.