ஓசூருக்கு வந்த கடல் சேறு

இன்று காலை பார்சல் பெட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் லேப் முழுக்கப் பரவியது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நீ இருந்திருந்தால், "கடலு வந்துடுச்சு, காபி போடுங்க" என்றிருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். சுற்றிலும் லேத் பட்டறை, உதிரிபாகக் கம்பெனி. நமக்கு மட்டும் மண். ரோஜாத் தோட்டக்காரர்கள் கொண்டுவரும் செம்மண்ணைக் காயவைத்து, அரைத்து, உலையில் சுட்டு, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று சொல்வதுதான் நம் பிழைப்பு. உலை மக்கர் செய்தால் தெலுங்கில் திட்டுவாய். தமிழில் திட்டினால் அதற்கு உறைக்காது என்பாய்.

கரைப்பக்க லேபுகளில் வேலை தேங்கிக் கிடந்ததால், பாக் விரிகுடாவில் கடல்புல் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி நமக்குக் குழாய் குழாயாகச் சேறு அனுப்பினாள். அதையும் ரோஜாத் தோட்டத்து மண்ணைப் போலவே சுட்டுவிட்டோம். கார்பன் ஏராளமாக வந்தது. மகிழ்ச்சியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புல் இருக்கும் இடத்தில் படகுத்துறை கட்டப்போகிறார்கள், புல் சேர்த்து வைத்த கார்பன் அடியில் இவ்வளவு தேங்கிக் கிடக்கிறது, தோண்டினால் காற்றில் கலந்துவிடும் என்று காட்டினால் தடுத்துவிடலாம் என்றாள்.

மறுநாள் தட்டு கழுவும்போது மீந்த சேற்றில் ஆசிட் பட்டு நுரைத்தது. நீ அப்படியே நின்றுவிட்டாய். சேறெல்லாம் சிப்பித்தூள். அந்தச் சிப்பியின் கார்பன் புல் சேர்த்து வைத்ததல்ல. ஆசிட் ஊற்றி அதைப் போக்கிவிட்டுத்தான் சுட வேண்டும். நம் பக்கத்துச் செம்மண்ணுக்கு அந்தத் தேவையே வந்ததில்லை.

மறுபடி செய்தோம். எண் வெகுவாக இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஃபோனில் கெஞ்சினாள். "அக்கா, பழைய எண்ணே இருக்கட்டும். நல்லதுக்குத்தானே கேக்குறேன்." எனக்கு மனம் இளகியது. நீ ஃபோனை வாங்கினாய்.

"கட்றவங்களும் எங்கனா குடுத்துப் பாப்பாங்க இல்ல? பொய்யின்னு ஆயிட்டா, இருக்கிற நெசத்தையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க கண்ணு."

அவள் பட்டென்று வைத்துவிட்டாள். அன்று நீ சாப்பிடவில்லை. கடலையே பார்த்திராதவள், "அந்தப் புல்லு போயிடுமாடீ?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய்.

நாம் எண்ணைத் திருத்தியதையும் சொல்லி, குறைந்த எண்ணோடுதான் அவள் ஆட்சேபம் கொடுத்தாள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையில், போன தை மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. டாக்டரிடம் வா என்றால் கீழாநெல்லி போதும் என்று தட்டிக்கழித்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைய பெட்டி அவள் அனுப்பியதல்ல. படகுத்துறை கட்டுகிறவர்கள் அனுப்பியது. அனுப்பியவருக்குப் பாதகமானாலும் உள்ளதைச் சொல்கிற லேப் என்று இரண்டு தரப்பாரும் நம்மையே ஒப்புக்கொண்டார்களாம். மதியம் அவளும் கூப்பிட்டாள்.

"அந்த அக்காகிட்ட குடுங்க. அன்னைக்கு ஃபோன வச்சதுக்கு மன்னிப்புக் கேக்கணும்."

சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவங்க செஞ்ச மாதிரியே செய்யுங்க அக்கா. கொறஞ்சாலும் பரவாயில்ல" என்றாள்.

சேற்றைத் தட்டுகளில் பரப்பிக் காயவைத்திருக்கிறேன். புல் பிழைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனாலும் எந்த எண் வந்தாலும் அதையே எழுதுவேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.