படங்கள் இருந்த ஃபோல்டர்

பிப்ரவரி 4, திங்கள்

ஓசூரில் இன்னும் பனி. மதியம் வரை கரண்ட் இல்லை.

வேலைகள்: விடைத்தாள் திருத்தல். சமையல் கேஸ் பதிவு. வலைப்பதிவுக்குப் புது மென்பொருள்.

கடைசியைத் தள்ளிப்போட முடியாது. பழைய பதிப்பில் ஓட்டை. யாரோ உள்ளே புகுந்து மாத்திரை விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வியாழனன்று பர்கூர் பக்கம் அக்கா வீட்டுக்குத் தாசில்தார் ஆபீசிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். காட்ட வேண்டிய படங்கள் எல்லாம் அந்த வலைப்பதிவில்தான்.

குவாரியில் வெடி வைக்க வைக்க அக்கா வீட்டுச் சுவரில் விரிசல். மாதாமாதம் போய், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்கள். பொங்கலுக்கு முன் குவாரி ஆட்களே வந்து, உதவி என்று சொல்லி சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். மாமா வேண்டாமென்று சொல்லவில்லை. இனி விரிசல் படத்தில் மட்டும்தான்.

பிப்ரவரி 5, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பள்ளி விட்டு வந்ததும் சுதாவுக்குப் போன். வீட்டுக்காரரின் தங்கை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. புதுசை அப்படியே பழசின் மேல் கொட்டினால் இரண்டும் கலந்து குழம்பும், பழைய ஃபைல்களை அழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றாள். அவள் ஆபீஸ் பஸ்ஸில். பின்னால் கன்னடப் பாட்டு.

"படம் இருக்கிற ஃபோல்டரை மொதல்ல எடுத்துருங்க அண்ணி. அப்புறம் மத்தது."

எடுத்தேன். அதாவது, அழித்தேன்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அப்ப பயமில்ல. செட்டிங்ஸ் ஃபைலை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அழிச்சிருங்க."

புதியது ஏறியது. எழுத்தெல்லாம் பத்திரம், அது இருப்பது வேறு இடத்தில், டேட்டாபேஸில். படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டம். மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. எல்லாப் பதிவிலும்.

மறுபடி போன். வீட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தீர்கள்தானே என்றாள். அப்போதுதான் விளங்கியது. அவள் சொன்னது நகல் எடுக்க. நான் எடுத்தது எச்சில் இலை எடுப்பதுபோல்.

போனில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கேமரா கார்டு: இடம் போதாமல் அவ்வப்போது காலி செய்தது. பழைய கம்ப்யூட்டர்: போன வருஷமே செத்தது. பிரிண்ட்: போடலாம், போடலாம் என்று போடவே இல்லை.

பிப்ரவரி 6, புதன்

இணையத்தில் இடம் கொடுத்த கம்பெனிக்குப் பேசினேன். நகல் வைத்துக்கொள்வது வாடிக்கையாளர் பொறுப்பாம். மரியாதையாகத்தான் சொன்னான்.

பூசின சுவரைப் பார்த்தாலே தெரியாதா என்கிறார் வீட்டுக்காரர். தெரியாது. அதற்குத்தானே பூசினார்கள்.

சுதா அழுதாள். தப்பு அவளுடையது இல்லை. தமிழ் வாத்தியார் நான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவள்.

கடைசியாக அக்காவுக்குச் சொன்னேன்.

"ஏன்டி, ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் சொல்ற. கூட்டித் தள்றதுக்கு முன்னாடி கீழ என்ன கெடக்குதுன்னு பாக்க மாட்டியா?"

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 7, வியாழன்

லீவு. காலை பஸ். கிருஷ்ணகிரியில் மாறிப் பர்கூர். பின்சீட்டில் கல்யாணப் பேச்சு: "பையன் ஓசூர்ல கம்பெனியாம். எந்தக் கம்பெனிடான்னா பெரிய கம்பெனிங்கறான்." சிரிப்பு வரவில்லை.

அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரே தூசி. அவள் கையில் கடப்பாரை, தலையில் துண்டு. பூச்சைக் கொத்திக்கொண்டிருக்கிறாள். நாமே உடைத்தோம் என்று சொல்லிவிடுவார்கள் என்று வாசலில் மாமா புலம்பல்.

"அதான் பாதிய விட்டு வெச்சிருக்கறேன். மிச்சத்த அவங்களே கொத்திப் பாக்கட்டும்," என்றாள். என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

அதிகாரி வந்தார். கூட வந்த உதவியாளர் கடப்பாரையை வாங்கி இரண்டு குத்து. ஒரு பாளம் மொத்தமாக விழுந்தது.

உள்ளே இருந்தது நான் படமெடுத்த விரிசல் இல்லை. அது விரல்கூட நுழையாதது. இதில் என் கை மணிக்கட்டு வரை போகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் இத்தனை நாளும் வளர்ந்திருக்கிறது. படங்கள் இருந்திருந்தால் அவற்றையே காட்டிவிட்டு, சுவரைத் தொடாமல் விட்டிருப்போம்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "எல்லாரும் மொதல்ல வெளிய வாங்கம்மா."

அக்கா அசையவில்லை. சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலையே பார்த்தபடி நின்றாள்.

"நேத்துகூட இங்கதான்டி படுத்தேன்," என்றாள்.