எட்டுக் கட்டுரை கூடுதல்

மார்ச் 4, செவ்வாய்

நாட்டின் பல்கலைக்கழகங்களிலிருந்து சென்ற ஆண்டு வெளிவந்த சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரைகள் 1,212. அதற்கு முந்தைய ஆண்டு 1,530. ஆதாரம்: ஆராய்ச்சி மன்றத்தின் ஆண்டறிக்கை, பக்கம் 9. ‘ஐந்தில் ஒரு பங்கு சரிவு’ என்று எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கம்.

மார்ச் 6, வியாழன்

செய்தி வேலை செய்திருக்கிறது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில், சமூகவியல் துறையின் ஆறு காலியிடங்களை ரத்து செய்வது பற்றி ஆட்சிக்குழு 20ஆம் தேதி கூடுகிறதாம். துறைத் தலைவர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. “டிசம்பர் இதழே இன்னும் அச்சுக்குப் போகல சார். பஸ் வந்து நிக்கறதுக்குள்ள எத்தனை பேர் இறங்கினாங்கன்னு எழுதிட்டீங்க.”

மார்ச் 7, வெள்ளி

நூலகம். இதழ்களின் அட்டைத் தேதியையும் வரவு முத்திரையையும் ஒப்பிட்டேன். முப்பத்தொன்றில் பத்தொன்பது, எட்டு மாதமாவது தாமதம். அப்படியானால் மன்றம் எண்ணியபோது—?

மார்ச் 8, சனி

பழைய அறிக்கைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். இன்று 1,530 என்று காட்டும் அதே ஆண்டுக்கு, போன வருட அறிக்கையில் 1,204தான். தாமதமாக வந்தவை பிறகு சேர்ந்திருக்கின்றன. சென்ற ஆண்டும் அப்படியே ஏறும். அரைகுறையை அரைகுறையோடு ஒப்பிட்டால் சரிவே இல்லை, எட்டு கூடுதல்.

அதற்கு முந்தைய அறிக்கைகளிலும் கடைசி ஆண்டு விழுந்தே கிடக்கிறது. மூன்று வருடம், மூன்று ‘சரிவு’, மூன்றையும் எழுதியவன் நான். மனைவி அந்தச் செய்தி நறுக்குகளை வரிசையாகப் படித்தாள். “அடுத்த வருஷம் சிரமப்படாதீங்க. தேதியை மட்டும் மாத்திக் கொடுத்துடுங்க.”

சிரித்தேன். உறைக்கவும் செய்தது. ஏண்டா, முப்பது வருஷமா இதே பொழைப்பு, ஒரு தடவையாவது பழசை எடுத்துப் பாத்தியா?

மார்ச் 10, திங்கள்

உள்பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் போதும் என்றார் பத்திரிகை ஆசிரியர், என்னைவிட இளையவர். சரிவு போன இடத்திலேயே திருத்தமும் போக வேண்டும் என்றேன். “உங்க பேர் போட்டு வரும் சார், பரவாயில்லையா?” தப்பும் என் பெயரில்தானே வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

வந்துவிட்டது. முதல் பக்கம், பெயரோடு. மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 20, வியாழன்

ஆறில் எதுவும் ரத்தாகவில்லை. மூன்று இடங்களை இப்போதே நிரப்பலாம் (பதிவாளர், நேரில், மாலை 4.10). மன்றம் இனி எந்த ஆண்டையும் பதினெட்டு மாதம் கழித்தே எண்ணும். மீதி மூன்று இடங்கள், சென்ற ஆண்டின் முழு எண்ணிக்கை வந்த பிறகு. கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? தெரியாது. தெரியாது என்றே எழுதிக் கொடுத்தேன். மன்றம் சொல்லும் தேதி: அடுத்த ஆண்டு ஜூன் 30.