வோல்ட்டும் உம்முடைய அப்பரின் பெயரும்

புது ஸ்டெபிலைசரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். முகப்பில் ‘வோல்ட்’ என்று அச்சடித்திருந்தது. உடனே உம்முடைய மேதாவி முகம் முன்னால் வந்து நின்றது. செத்தும் விடமாட்டீர் போல.

அந்த யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் என் மின்சாமான் கடையைத் தெரியாதவர் யார்? கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழாவுக்கு நான் விளக்குப் போட்டால், துறைமுகக் கப்பல்காரர் விடிந்துவிட்டதென்று எழும்புவார்கள். அப்படிப்பட்ட எனக்கு, பௌதிகம் ரியூஷன் நடத்திய நீர் பாடம் எடுத்தீர்.

“வோல்ட் எண்டா என்னெண்டு தெரியுமே, தேவராசா?”

“கரண்டின்ர அடி.”

“விசர்க்கதை. அது ஒரு இத்தாலிக்காரன்ர குடும்பப் பேர். கடைசி எழுத்தை வெட்டிப்போட்டு அளவுக்கு வச்சவங்கள். பெரிய கௌரவம்.”

“வாலை நறுக்கிறதோ கௌரவம்? உங்கட விஞ்ஞானத்தை விட நாய்பிடிகாரன் திறம், அவன் வாலோட பிடிக்கிறான்!”

அடுத்த கிழமை எங்கோ குண்டு வெடிக்க, நீர் தங்கியிருந்த லொட்ஜைப் பொலிசார் சுற்றிவளைத்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உமக்காகப் பேசப் பொலிசுக்குப் போனவன் நான். என் சிங்களத்தைக் கேட்டு இன்ஸ்பெக்டரே எழும்பிக் கதிரை தந்தார்.

விடப்போகிறவர்களைச் சார்ஜன் குடும்பப் பெயரால் கூப்பிட்டார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? படிவத்தில் அந்த இடத்தில் அப்பரின் பெயரைத்தானே எழுதிக் கொடுக்கிறோம்.

“கதிரவேலு!”

நீர் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தீர். திரும்பவும் கூப்பிட்டார். அசையவில்லை. மிச்சமானவர்களை ஏற்ற வாசலில் லொறி நின்றது. அதில் போனவர்களைப் பற்றி ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை.

“ஐசே, அது உம்மட அப்பர்! எழும்பும்!”

“அப்பர் செத்திட்டார்” என்று அங்கிருந்தே என்னைத் திருத்தினீர்.

“நீரும் சாகப்போறீர், எழும்பும் விசரா!”

எழும்பினீர். தூ, அதுவும் ஒரு படிப்பா! இத்தாலிக்காரனின் பெயருக்கு வால் போன கதையை ஒப்புவித்த மூளைக்கு, தன் உயிரைக் காக்கும் பெயர் காதில் ஏறவில்லை.

காலி வீதிக்கு வந்ததும் சொன்னீர்: “வீட்டில அம்மா அந்தப் பேரை வாயால சொன்னதே இல்லை, தேவராசா. ஒருத்தர் கூப்பிட்டு இண்டைக்குத்தான் கேட்டனான்.” அதற்கும் சிரித்தேன்.

இப்போது வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ என் அப்பரின் பெயரைக் கூப்பிட்டால், முதல் ஆளாக எழும்புகிறவன் நான்தான். அதில் என்னை வெல்ல ஆளில்லை. என் சொந்தப் பெயர்தான் சும்மா கிடக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் நீர்.